நான்கு ரேக்குகள், ஆறு பேர்

சிறியதாக ஒரு வலிமைப் பயிற்சிக் கூடம் தொடங்க விரும்புகிறவர்கள் என்னிடம் பேச வரும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும் என்பதைத்தான். ஆறு ஆண்டுகளாக அப்படி ஒரு கூடத்தை நடத்தி வருபவள் என்ற முறையில், அதற்கு விடை சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் ஓர் எண்ணைக் கேட்கிறேன்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் எடை தூக்குவதை உங்களால் உண்மையாகவே பார்க்க முடியும்? பார்ப்பது என்று நான் சொல்வது அறையில் நின்று மேற்பார்வையிடுவதை அன்று. ஒருவர் ஸ்குவாட்டில் (எடையைத் தோளில் சுமந்தபடி உட்கார்ந்து எழும் பயிற்சியில்) கீழே இறங்கும்போது குதிகால் தரையை விட்டு எழுகிறதா, மேலே வரும்போது இடுப்பு மட்டும் முந்திக்கொண்டு உயர்கிறதா, நான்காம் ரெப்பைவிட (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) ஐந்தாம் ரெப்பில் வேகம் எவ்வளவு குறைந்தது, முகத்தில் தெரிவது உழைப்பா வலியா என்பனவற்றைக் கண்டு, அடுத்த செட்டுக்கு, அதாவது இடைவிடாமல் செய்யும் ரெப்களின் அடுத்த தொகுதிக்கு, எடையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு சொல்லும் அளவுக்குப் பார்ப்பதையே சொல்கிறேன். இடம், கருவி, வகுப்பு நேரம், கட்டணம் ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவள். வாடகைக்குக் கிடைத்த இடத்தின் பரப்பை முதலில் அளந்தேன். அதில் எத்தனை ரேக்குகள், அதாவது எடை ஏற்றிய பாரைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள், நிற்கும் என்று கணக்கிட்டேன். அந்த ரேக்குகளில் எத்தனை பேரை நிறுத்தலாம் என்று பார்த்து, ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் என்று முடிவுசெய்தேன். முதல் ஆண்டின் பிற்பகுதியில், ஒரு மாலை வகுப்பில், அறையின் ஒரு மூலையில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பாரை (இரு முனைகளிலும் பிளேட் எனப்படும் எடைத் தட்டுகளைக் கோக்கும் பார்பெல் தண்டை) பிடிக்கும் முறையை நான் காட்டிக்கொண்டிருந்தபோது, மறு மூலையில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி டெட்லிஃப்ட்டின் (தரையில் கிடக்கும் பாரை இழுத்து நிமிர்ந்து நிற்கும் பயிற்சியின்) கடைசிச் செட்டை முதுகு வளைந்த நிலையில் இழுத்து முடித்தார். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. மருத்துவர் தசைப்பிடிப்பு என்று சொன்னார். மூன்று வாரத்தில் அவர் மீண்டும் வந்துவிட்டார். ஆனால் அவருடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தபோது, அதற்கு முந்தைய வாரம் கடைசிச் செட்டை அவர் எப்படி முடித்தார் என்பதைப் பற்றி என் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. எடையைக் கூட்டும்படி மட்டும் எழுதியிருந்தேன். பார்க்காத ஒன்றை நம்பி எடையைக் கூட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு மணி நேர வகுப்பில் ஒருவர் மூன்று பயிற்சிகளை மூன்று செட் வீதம் செய்கிறார் என்று கொண்டால் ஒன்பது செட்டுகள். பன்னிரண்டு பேருக்கு அது 108 செட்டுகள். ஒரு செட் சுமார் 40 விநாடி ஓடுகிறது. ஒவ்வொரு செட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பதென்றால் எனக்கு 72 நிமிடங்கள் வேண்டும்; என் கையில் இருப்பதோ 60 நிமிடம், அதிலும் முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுவதில் கழிகிறது. அதே கணக்கை ஆறு பேருக்குப் போட்டால் 54 செட்டுகள், 36 நிமிடங்கள். மீதமுள்ள நேரத்தில் திருத்தம் சொல்லலாம், எழுதலாம், ஒருவர் தயங்கி நிற்பதைக் கவனித்துக் கேட்கலாம். செட்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு இருப்பதால் ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவரைப் பார்க்கும் வகையில் வரிசைப்படுத்தவும் முடியும். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தது வருமானத்தில் பெரிய பள்ளத்தை உண்டாக்கியது உண்மைதான். அதை நிரப்ப ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஆயினும் அந்தக் கணக்கைப் போட்ட பிறகு பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆறு பேர் என்று முடிவானதும் இடத்தின் அளவு தானாகவே தெளிவாகிவிட்டது. முழு அளவுப் பார்பெல்லின் நீளம் 2.2 மீட்டர். இருபுறமும் நின்று பிளேட்டைக் கோக்கவும் கழற்றவும் தலா அரை மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தேவை. ஆழவாட்டில் மூன்று மீட்டர் இருந்தால் ரேக்கிலிருந்து பின்னால் நகர்ந்து நிற்பதற்கும், முன்னே பெஞ்ச் போடுவதற்கும் நெருக்கடி இராது. ஆக ஒரு ரேக்குக்கு ஏறக்குறைய பத்துச் சதுர மீட்டர். நான்கு ரேக்குகளுக்கு நாற்பது; டம்பெல்களுக்கும், தரையில் செய்யும் பயிற்சிகளுக்கும், எடையைச் சுமந்து நடப்பதற்கும் இன்னும் இருபது. அறுபது சதுர மீட்டரில் இந்தக் கூடம் வசதியாக நடக்கிறது. ஆறு பேருக்கு நான்கு ரேக்குகள் போதும், ஏனென்றால் இரண்டு ரேக்குகளில் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர் தூக்குகிறார்.

பரப்பைவிடக் கூரையின் உயரத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 1.8 மீட்டர் உயரமுள்ள ஒருவர் பாரைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்கி நிறுத்தினால், பார் தரையிலிருந்து ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரத்தில் நிற்கும். பெரிய பிளேட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர் என்பதால் அதன் மேல்விளிம்பு இன்னும் இருபத்திரண்டரை சென்டிமீட்டர் மேலே போகும். தூக்கும் மேடையின் தடிமனையும் சேர்த்தால் 2.6 மீட்டரை நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் விளக்கும் மின்விசிறியும் இருக்க வேண்டும். ஆகவே மூன்று மீட்டருக்குக் குறைந்த கூரையுள்ள இடத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிறிய கூடங்கள் அண்டை வீட்டாரோடும் கட்டட உரிமையாளரோடும் முரண்படுவது பெரும்பாலும் இதனால்தான். கீழே விழும் எடையின் ஓசை காற்றின் வழியாகச் செல்வதைவிடக் கட்டடத்தின் உடல் வழியாகவே அதிகம் செல்கிறது. சுவரில் ஒலி உறிஞ்சும் பஞ்சை ஒட்டுவதால் இதற்குப் பயன் மிகக் குறைவு. தரைத்தளமாகவும், அடியில் மண்ணின் மீது போடப்பட்ட கான்கிரீட் தளமாகவும் இருப்பதே நல்லது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், உரிமையாளரின் அனுமதியோடு ஒரு ரப்பர் விரிப்பையும் எடை ஏற்றிய ஒரு பாரையும் கொண்டுபோய், முழங்கால் உயரத்திலிருந்து விட்டுப் பார்த்து, பக்கத்து அறையிலும் மேல்தளத்திலும் ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். இந்த அரை மணி நேர வேலை பின்னால் வரக்கூடிய பல மாதச் சச்சரவைத் தவிர்க்கும். தூக்கும் மேடையை நாங்களே செய்தோம்: 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைகளை இரண்டு அடுக்காக, மேலடுக்கின் இணைப்புகள் கீழடுக்கின் இணைப்புகளுக்குக் குறுக்கே வரும்படி போட்டுத் திருகினோம்; அதற்கு மேல் நடுவில் கால் ஊன்ற மூன்றாவது பலகையும், பிளேட் விழும் இருபுறங்களிலும் 20 மில்லிமீட்டர் ரப்பரும் பதித்தோம். ஒட்டுப்பலகை 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்ற அளவில் கிடைப்பதால், மேடை 2.4 மீட்டர் சதுரமாக வெட்டு வீணின்றி அமைந்தது.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். பணத்தைச் செலவிட வேண்டிய முதல் இடம் பார்தான். ரேக்கின் வண்ணத்தையோ பெஞ்சின் தையலையோ யாரும் கையில் பிடிப்பதில்லை. பாரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் பிடிக்கிறார்கள். ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஆண்கள் பயன்படுத்தும் பார் 20 கிலோ எடையும், பிடியில் 28 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. பெண்களுக்கான பார் 15 கிலோ, 25 மில்லிமீட்டர், நீளம் 2.01 மீட்டர். பிளேட் கோக்கும் முனையின் விட்டம் இரண்டிலும் 50 மில்லிமீட்டர் என்பதால் ஒரே பிளேட்டுகளை இரண்டிலும் பயன்படுத்தலாம். சிறிய கைகள் உள்ளவர்களுக்கு 25 மில்லிமீட்டர் பிடி தருகிற உறுதி மிகப் பெரிது. வாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கிய ஒருவர், 28 மில்லிமீட்டர் பாரில் தூக்க முடியாத எடையை 25 மில்லிமீட்டர் பாரில் அமைதியாகத் தூக்கியதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் கூடத்தில் 20 கிலோ பார் மூன்று, 15 கிலோ பார் மூன்று, 10 கிலோ பார் இரண்டு இருக்கின்றன. தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்தைப் பத்துக் கிலோ பாரோடுதான் கழிக்கிறார்கள்.

அடுத்து நான் வற்புறுத்துவது சிறு பிளேட்டுகளை. 1.25 கிலோ பிளேட்டுகள்தாம் பொதுவாகக் கிடைப்பவற்றில் மிகச் சிறியவை. இருபுறமும் ஒன்று வீதம் சேர்த்தால் ஒரே தாவலில் இரண்டரை கிலோ கூடிவிடுகிறது. நாற்பது கிலோ டெட்லிஃப்ட் செய்கிறவருக்கு அது ஆறு விழுக்காடு; அவரால் அதைத் தாங்க முடியும். பதினைந்து கிலோவைத் தலைக்கு மேல் தூக்குகிற ஒருவருக்கு அதே இரண்டரை கிலோ ஏறக்குறைய பதினேழு விழுக்காடு. அவர் அந்தத் தாவலில் தோற்று, தோற்றதற்குக் காரணம் தன் உடல்தான் என்று எண்ணிக்கொண்டு மனம் தளர்வார். கால் கிலோவும் அரைக் கிலோவும் கொண்ட பிளேட்டுகள் சில ஜோடிகள் இருந்தால், பதினைந்திலிருந்து பதினைந்தரை, பிறகு பதினாறு என்று அவரால் பல மாதங்கள் ஏற முடியும். இந்தக் கூடத்தில் வேறு எந்தப் பொருளும், அதன் அளவோடு ஒப்பிட்டால், இவ்வளவு நன்மை செய்ததில்லை. அதேபோல, எடை குறைவாகவும் விட்டம் முழு அளவாகவும் உள்ள பயிற்சிப் பிளேட்டுகள் இரண்டு ஜோடி வேண்டும். பார் தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால்தான் டெட்லிஃப்ட்டின் தொடக்க நிலை சரியாக அமையும். சிறிய இரும்புப் பிளேட்டுகளைப் போட்டுவிட்டுத் தாழ்ந்து கிடக்கும் பாரை எடுக்கச் சொல்வது, எடை குறைவாகத் தொடங்குகிறவருக்கே கடினமான நிலையைக் கொடுப்பதாகும்.

பழைய பிளேட்டுகளை வாங்கினால் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய ஒரு தொகுதியில் 20 கிலோ என்று வார்க்கப்பட்டிருந்த இரு பிளேட்டுகளுக்கு இடையே ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தது. ஒருவர் தன் இடப்பக்கம் பலவீனமாக இருக்கிறதென்று இரண்டு வாரம் கவலைப்பட்ட பிறகே அதைக் கண்டுபிடித்தோம். இப்போது எல்லாப் பிளேட்டுகளிலும் உண்மையான எடை வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ரேக்குகளைப் பொறுத்தவரை, தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டவையாகவும், தவறும் பாரைத் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புக் கைகள் உள்ளவையாகவும் இருக்க வேண்டும். உயரத்தை மாற்றும் துளைகள் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிக்குள் இருந்தால் நல்லது. பெஞ்ச் பிரஸ்ஸின்போது (பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும்போது) பாதுகாப்புக் கையின் உயரத்தைச் சரிபார்ப்பது எங்கள் வகுப்பில் யாரும் தவிர்க்கக் கூடாத செயல். மார்பை உயர்த்தி வைத்துத் தூக்கும்போது பார் மார்பைத் தொட வேண்டும், கை சோர்ந்து மார்பைத் தாழ்த்தினால் பார் பாதுகாப்புக் கையின் மீது போய் அமர வேண்டும். அந்த ஒரு துளை வேறுபாட்டில்தான் கழுத்தின் பாதுகாப்பு இருக்கிறது. ரேக் இல்லாமல் தனியாகப் பெஞ்ச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, பிளேட்டுகள் நழுவாமல் பூட்டும் காலரைப் போடாதீர்கள் என்பதே. சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளைக் கொட்டிவிட்டுத் தப்பிக்கலாம். இவற்றுக்கு அப்பால் இரண்டு கிலோ முதல் முப்பது கிலோ வரை டம்பெல்கள், கைப்பிடி வைத்த குண்டு எடைகளான கெட்டில்பெல்கள் சில, ஒரு கேபிள் இழுவைக் கருவி; அவ்வளவுதான். ஓடுபொறி வாங்கவில்லை. அது நிற்கும் இடத்தில் ஒருவர் எடையைச் சுமந்து நடக்கலாம் என்பது என் எண்ணம்.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள். மூத்தவருக்கு எழுபத்தெட்டு. அவரைச் சேர்க்க வந்த மகன், இந்த வயதில் இரும்பைத் தூக்குவது ஆபத்தில்லையா என்று கேட்டபோது, 1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வை அவருக்குச் சொன்னேன். பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான, உடல் நலிந்த பத்துப் பேர் எட்டு வாரம் கால் தசைகளுக்குக் கடுமையான எடைப்பயிற்சி செய்தார்கள். முழுமையாக முடித்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பெண்கள் எலும்பு அடர்த்தியைப் பற்றிக் கேட்கும்போது நான் சொல்வது ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஆய்வு. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு பகுதியினர் எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம், தங்களால் ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் வைத்து டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல் ஆகியவற்றை ஐந்து செட் ஐந்து ரெப்களாகச் செய்தார்கள். அவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலகுவான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. இந்த ஆய்வைக் கேட்டுவிட்டு உடனே பெரிய எடையைத் தூக்கத் துடிக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, அந்தப் பெண்கள் ஒவ்வொரு முறையும் சிறு குழுவாக, பயிற்சியாளரின் கண்முன் தூக்கினார்கள் என்பதையும், முதல் மாதம் முழுவதும் முறையைக் கற்பதிலேயே கழித்தார்கள் என்பதையும்தான். எடையின் பயனும் அதைப் பார்ப்பவரின் கவனமும் பிரிக்க முடியாதவை.

புதிதாக வருகிறவரிடம் முதலில் உடல்நலக் கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குகிறோம்: நெஞ்சுவலி, மயக்கம், உயர் இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள், எலும்பிலோ மூட்டிலோ உள்ள தொல்லை. ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்றால் மருத்துவரைக் கண்டு வரும்படி சொல்கிறோம். இதில் நான் யாருக்காகவும் தளர்ந்ததில்லை. பிறகு முதல் வகுப்பு. அதை நான் வேண்டுமென்றே எளிதாக வைக்கிறேன், வந்தவர் இவ்வளவுதானா என்று கேட்கும் அளவுக்கு. பழக்கமில்லாத தசைக்கு வலி ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தை அடைகிறது; எடையைக் கீழே இறக்கும்போது தசை நீண்டபடி வேலை செய்வதே அதற்கு முதன்மையான காரணம். முதல் நாளில் பத்துச் செட் செய்தவர் மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் தவிப்பார், நான்காம் நாள் வரமாட்டார். அதைவிடக் கொடியது, அளவுக்கு மீறிச் செய்ததால் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குவது. சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறமாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். இளமையில் விளையாட்டு வீரராக இருந்து, நீண்ட இடைவெளிக்குப் பின் வருகிறவர்களிடம் இன்னும் அதிகமாக எச்சரிக்கையாக இருக்கிறேன். அவர்களின் மனவலிமை பழைய அளவிலும் தசை புதிய அளவிலும் இருக்கிறது. ஒருமுறை செய்த சிறு அளவு, அடுத்த முறை அதே தசையைப் பெரிதும் காக்கிறது என்பதால் முதல் இரண்டு வாரப் பொறுமை வீணாவதில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதக் குறிப்பேடு. கைபேசிச் செயலியை ஓராண்டு முயன்றுவிட்டுக் கைவிட்டேன், ஏனென்றால் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். குறிப்பேட்டில் எடை, செட், ரெப் ஆகியவற்றோடு இரண்டு செய்திகள் தவறாமல் எழுதப்படும். ஒன்று, இன்னும் எத்தனை ரெப் செய்திருக்க முடியும் என்று தூக்கியவர் நினைக்கிறார். மற்றொன்று, எத்தனை செய்திருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். முதல் மாதங்களில் இவ்விரு எண்களும் ஒத்துப்போவதில்லை. அஞ்சுகிறவர் இரண்டு என்பார், நான் ஐந்து என்று எழுதுவேன். துணிந்தவர் மூன்று என்பார், பாரின் வேகத்தைப் பார்த்து நான் பூஜ்யம் என்று எழுதுவேன். ஆறு மாதத்தில் இரண்டு எண்களும் நெருங்கி வருகின்றன. அப்போது அவர் தன் உடலைப் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிகிறது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம் குறைவதைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சியைத் தருகிறது.

பயிற்சித் திட்டம் மிக எளியது. உட்கார்ந்து எழுதல், இடுப்பை மடித்துத் தரையிலிருந்து எடுத்தல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல் ஆகிய ஐந்து அசைவுகள், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கால்களை மீட்கப் படிப்படியாக எடையைக் கூட்டும் முறையை வகுத்தபோது, தொடக்கத்தில் ஏழு முதல் பத்துச் செட் வரை செய்யச் சொன்னார். பின்னர் அது மிகையென்று கண்டு, 1948-ல் மூன்று செட்டாகக் குறைத்தார். பத்து ரெப் தூக்க முடிகிற எடையில் முதலில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழு எடை என்பது அவருடைய ஏற்பாடு. எங்கள் கூடத்தில் ஒவ்வொருவரும் உழைப்புச் செட்டுக்கு, அதாவது முழு எடையில் செய்யும் செட்டுக்கு, ஏறும் விதம் இன்றும் ஏறக்குறைய இதுதான். முதல் சில வாரங்களில் எடை விரைவாகக் கூடுவதற்குத் தசை வளர்ந்தது காரணமன்று, நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொண்டதே காரணம் என்பதையும், தசைநாண்கள் தசையைவிட மெதுவாகவே பழகும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்தின் உற்சாகம் மூன்றாம் மாதத்தில் முழங்கை வலியாக முடியும். ஒரே எடையில் மூன்று முறை தேங்கி நின்றால் பத்து விழுக்காடு குறைத்துவிட்டு மீண்டும் ஏறுகிறோம்.

வருமானக் கணக்கும் அதே ஆறிலிருந்துதான். காலையில் மூன்று வகுப்பு, மாலையில் மூன்று. நாளொன்றுக்கு 36 இடங்கள், ஆறு நாளுக்கு 216. ஒருவர் சராசரியாக வாரத்துக்கு இரண்டரை முறை வருகிறார் என்றால் 86 பேருக்கு இடமுண்டு. நோய், பயணம், காலியாகக் கிடக்கும் நண்பகலை ஒட்டிய வகுப்பு ஆகியவற்றைக் கழித்து, நூற்றுக்கு எழுபத்தைந்து இடங்கள் நிரம்பும் என்று வைத்தால் 65 பேர். கட்டணத்தை இந்த 65-ஐ வைத்தே தீர்மானிக்க வேண்டும். 86-ஐ வைத்துத் தீர்மானிப்பவர் முதல் மழைக்காலத்திலேயே தடுமாறுவார். உறுப்பினர்களில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் விலகினாலும் வாடகையைக் கட்ட முடியுமா என்பது நான் வைத்திருக்கும் இன்னொரு சோதனை. முடியாது என்றால் அந்த இடம் உங்களுக்குப் பெரிது. சந்தா கட்டிவிட்டு வராமலிருப்பவர்களின் பணத்தை நம்பி நடக்கும் கூடங்கள் உண்டு. அங்கே எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட்டால் நிற்க இடமிராது. எங்கள் நிலைமை நேர்மாறானது. இங்கே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஒருவர் தொடர்ந்து இரண்டு வகுப்புகளுக்கு வராவிட்டால் அன்று மாலையே தொலைபேசியில் அழைக்கிறேன். கண்டிப்பதற்காக அன்று, வலியா, வேலையா, மனச்சோர்வா என்று தெரிந்தால்தான் திரும்பி வரும்போது எந்த எடையில் தொடங்குவது என்று என்னால் சொல்ல முடியும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு நாள் எல்லா போல்ட்டுகளையும் இறுக்கிப் பார்க்கிறோம். பார்களின் சொரசொரப்பான பிடியை நைலான் தூரிகையால் தேய்த்து, கை வழுக்காமலிருக்கப் பூசும் வெண்பொடியின் படிவையும் வியர்வையையும் நீக்கி, மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கிறோம். காற்றில் ஈரம் மிகுந்த மாதங்களில் இதை இரண்டு முறை செய்யாவிட்டால் துருப்பிடிக்கும். பார் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, அதை ரேக்கின் கொக்கிகளில் வைத்து மெதுவாகச் சுழற்றி, முனை ஆடுகிறதா என்று கவனித்தால் போதும்.

ஒரு செய்தியில் மட்டும் சுருக்கம் கூடாது. கூடத்தில் பணியாற்றும் அனைவரும் இதய இயக்க மீட்பு முதலுதவியை முறையாகக் கற்றிருக்க வேண்டும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் தானியங்கி அதிர்வுக் கருவி சுவரில் எல்லாருக்கும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோன ஒருவருக்கு, உதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒருமுறை பொம்மையின் மீது செய்து பார்க்கிறோம். கருவியை எடுத்து வருவது யார், ஆம்புலன்சை அழைப்பது யார், வாசலில் நின்று வழிகாட்டுவது யார் என்பதும் அந்த ஒத்திகையில் பெயர் சொல்லித் தீர்மானிக்கப்படுகிறது. இதுவரை அதற்குத் தேவை வரவில்லை.

சென்ற ஆண்டு பக்கத்து இடம் காலியானபோது, சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கலாம் என்று உரிமையாளர் சொன்னார். பல இரவுகள் யோசித்தேன். இடம் இரட்டிப்பானாலும் என் கண்கள் இரட்டிப்பாகாது என்பதால் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இன்னொரு பயிற்சியாளரை உருவாக்கத் தொடங்கினேன். எட்டு மாதங்களாக அவர் என் வகுப்புகளில் நிற்கிறார். யாருக்கும் எதுவும் சொல்லாமல், ஒவ்வொரு செட்டிலும் தாம் கண்டதைத் தனித் தாளில் எழுதுகிறார். வகுப்பு முடிந்ததும் அதையும் என் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். தொடக்கத்தில் அவர் எழுதியதெல்லாம் முழங்காலைப் பற்றியதாகவே இருந்தது. சென்ற மாதம் ஒரு நாள், மூத்த உறுப்பினர் ஒருவர் ஸ்குவாட்டின் மூன்றாம் ரெப்பிலிருந்து முதுகை உறுதியாக வைக்க அடக்க வேண்டிய மூச்சை அடக்காமல் விட்டுவிட்டதை அவர் எழுதியிருந்தார். என் குறிப்பில் அது இல்லை. அடுத்த மாதம் முதல் காலை இரண்டாம் வகுப்பை அவரே நடத்துகிறார். முதல் மூன்று மாதங்களுக்கு அந்த வகுப்பில் நான்கு பேர் மட்டும்.